சின்ன டிரெய்லரும் கிலோக் கணக்கும்

புதுச்சேரியைச் சுற்றி எந்த வெல்டிங் பட்டறைக்குப் போய், மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்ட ஒரு சின்ன டிரெய்லர் வேண்டும் என்று கேட்டாலும் முதலில் வரும் பதில், "கிலோவுக்கு இவ்வளவு சார்" என்பதுதான். கேட்டுக்கு அதே கணக்கு, ஜன்னல் கம்பிக்கு அதே கணக்கு, மாடிப்படிக் கைப்பிடிக்கும் அதே கணக்கு. செய்து முடித்ததை எடை போட்டு, வந்த எண்ணை விலையால் பெருக்கிப் பணம் வாங்கிக்கொள்வார்கள். கேட்டுக்கு அது பொருந்தும். கேட் போட்ட இடத்திலேயே நிற்கிறது. அதன் எடையை யாரும் இழுத்துக்கொண்டு போவதில்லை. நகர்கிற பொருளுக்கு இந்தக் கணக்கு ஆகாது. நம் பக்கத்து டிரெய்லர்கள் தேவைக்கு மேல் கனமாகவும், வலு வேண்டிய இடத்தில் நோஞ்சானாகவும் இருப்பதற்கு இந்தக் கிலோக் கணக்கே முதல் காரணம் என்பது என் கட்சி.

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புக்கு நூல் கோத்தவனுக்கு இரும்பு வேலையில் என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் சுத்தியல் பிடித்தவனல்ல. ஆனால் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தப் பொருளையும் முதலில் காகிதத்தில் வரைந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் அளவு எழுதிவிட்டுத்தான் பேசுவது. 'குரோக்கி கொத்தே' என்பார் எங்கள் மெத்ரு. அளவு குறித்த கைவரைபடம். அளவு எழுதாத படத்தைக் காட்டினால், "இது படம் இல்லை, ஆசை" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்தியாவின் மற்ற பகுதிகள் 1958இல்தான் மீட்டருக்கும் கிலோவுக்கும் மாறத் தொடங்கின. நாங்கள் பள்ளியில் தொடக்கத்திலிருந்தே மீட்டர்தான். அதனால் பட்டறையில் நிற்கும்போது எனக்கு ஒரு சிரமம் உண்டு. நான் மூன்று மில்லிமீட்டர் என்றால் அவர் ஒரு நூல் என்பார். ஆறு மில்லி அவருக்கு இரண்டு நூல். எட்டு நூல் ஓர் அங்குலம். இந்த மொழிபெயர்ப்பு வேலையைச் செய்தே பாதி நாள் போய்விடும்.

பாகூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் தங்கை மகன், போன வருஷம் ஒரு பழைய மினி டிராக்டர் வாங்கினான். தென்னை வரிசைகளுக்கு நடுவே பெரிய டிராக்டர் திரும்பாது; இது திரும்பும். தேங்காய், எரு, மட்டை, ஓலை, மாட்டுக்குப் புல் என்று எல்லாவற்றையும் இழுக்க ஒரு டிரெய்லர் செய்ய வேண்டும், "மாமா, நீங்க ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க" என்றான். போனேன். பட்டறைக்காரர் நல்ல மனிதர், கை சுத்தமான வேலைக்காரர். அவர் மனதில் ஒரு வடிவம் தயாராக இருந்தது. சுற்றிலும் நூறு மில்லி சேனல், குறுக்கேயும் அதே சேனல், இழுவைத் தண்டும் அதே சேனல், தரைக்கு ஒன்றரை நூல் தகடு, பக்கத்துக்கு ஒரு நூல் தகடு இரண்டடி உயரத்துக்கு. "வெயிட்டா இருந்தாத்தான் சார் தாங்கும்" என்றார். தங்கை மகனும் தலையை ஆட்டினான். கனத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவது நம் ரத்தத்தில் ஊறிய குணம். பித்தளைக் குடத்துக்கு அது சரி.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பெட்டி 180 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம். நூறு மில்லி சேனல் ஒரு மீட்டர் ஏறக்குறைய ஒன்பதரை கிலோ. சுற்றும் குறுக்கும் இழுவைத் தண்டும் சேர்த்து 12.8 மீட்டர். அதுவே 120 கிலோ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மில்லி கனத்துக்கும் 7.85 கிலோ. அந்தக் கணக்கில் ஐந்து மில்லி தரை 85 கிலோ, மூன்று மில்லி பக்கம் அறுபது செ.மீ. உயரத்துக்கு இன்னொரு 85 கிலோ. அச்சும் சக்கரமும் சேராமலே 290 கிலோ.

இப்போது அதே பெட்டியை வேறு மாதிரி வரைந்தேன். சுற்றுச் சட்டமும் மூன்று குறுக்குச் சட்டமும் 50க்கு 50, ஆறு மில்லி ஆங்கிள். மீட்டருக்கு நாலரை கிலோ, மொத்தம் 43. இழுவைத் தண்டுக்கு மட்டும் 75 மில்லி சேனல், இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 2.2 மீட்டர், 31 கிலோ. தரை மூன்று மில்லி, 51 கிலோ. பக்கம் இரண்டு மில்லி, நாற்பது செ.மீ. உயரம், 38 கிலோ. ஆக 163. வித்தியாசம் 127 கிலோ. மட்டையோடு ஒரு தேங்காய் ஒன்றேகால் கிலோ என்று வைத்தால், நூறு தேங்காய். அந்தக் கனமான டிரெய்லர் ஒவ்வொரு நடைக்கும் நூறு தேங்காயை இரும்பாகச் சுமந்துகொண்டு போய், இரும்பாகவே திருப்பிக் கொண்டுவரும். டீசல் நாம் போட வேண்டும்.

கனத்தைக் குறைத்தால் வலு குறையாதா? எங்கே குறைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தரையில் சுமை பரவி நிற்கிறது. அங்கே மூன்று மில்லி தகடு, கீழே நெருக்கமாகக் குறுக்குச் சட்டம் இருந்தால் போதும். ஆனால் இழுவைத் தண்டு பெட்டியின் முன்சட்டத்தைத் தொடுகிற இடம் இருக்கிறதே, அங்கேதான் வளைக்கும் விசை முழுதும் வந்து கூடுகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் மேலும் கீழும் ஒரு மயிரிழை வளையும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதே வேலை, மெதுவாக, வருஷக்கணக்கில் நடக்கும். நம் பக்கத்தில் நான் பார்த்த பெரும்பாலான டிரெய்லர்களில் இழுவைத் தண்டு முன்சட்டத்தோடு முடிந்துவிடுகிறது. நெற்றியில் ஒட்டவைத்த மூக்குபோல. அந்த ஒட்டு விரிசல் கண்டதும் அதன்மேல் ஒரு பட்டைத் தகடு வைத்துப் பற்றவைப்பார்கள். அடுத்த விரிசல் அந்தப் பட்டையின் ஓரத்தில் வரும்.

தண்டு முன்சட்டத்தில் முடியக்கூடாது. இரண்டு சேனலும் கொக்கியிலிருந்து 'அ' எழுத தெரியாத குழந்தை போடும் கூடாரம்போலப் பிரிந்து, பெட்டிக்கு அடியில் நுழைந்து, அச்சுவரை போய்ச் சேர வேண்டும். வழியில் தொடுகிற ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தோடும் பற்றவைக்க வேண்டும். அப்போது இழுப்பு நேராக அச்சுக்குப் போகும். பெட்டி வெறும் பயணிதான். இன்னொன்று, சேனலின் அடிப்பட்டையில் குறுக்கே வெல்டிங் ஓட்டக்கூடாது. நீளவாக்கில் ஓட்ட வேண்டும். குறுக்கே ஓட்டிய வெல்டிங், ரொட்டியில் கத்தியால் கீறிவிட்டது மாதிரி. வளைக்கும்போது அங்கேதான் பிளக்கும். பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "அது எனக்குத் தெரியும் சார், ஆனா அதுக்கு ரெண்டு மணி நேரம் கூட ஆவும், கிலோ ஏறாது" என்றார். இவ்வளவு நேர்மையான பதிலை நான் அலுவலகத்தில்கூட கேட்டதில்லை.

இனி அச்சு. இதில் நம் பெரியவர்களுக்குத் தெரிந்ததை நாம் மறந்துவிட்டோம் என்றே சொல்வேன். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்கள் பால்போல அத்துப்படி. நெல் மூட்டை ஏற்றும்போதே, "பின்பாரமா இருக்குது, ரெண்டு மூட்டைய முன்னால தள்ளு" என்று குரல் வரும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் கூடினால் கழுத்தில் அமுக்கி மாடு மண்டியிடும். கொஞ்சமாக முன்பாரம் இருப்பதே சரியான பாரம். மாடு கத்தாவிட்டாலும் நுரை தள்ளும், வண்டிக்காரர் புரிந்துகொள்வார். டிராக்டர் நுரை தள்ளாது. பின்பாரமான டிரெய்லர் டிராக்டரின் பின்பக்கத்தை மேலே தூக்கும். இழுக்கிற சக்கரத்தின் மேலிருந்தே எடையைக் களவாடிவிடும். ஈர மண்ணில் சக்கரம் வீணாகச் சுற்றும். சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்தால் டிரெய்லர் நாய்வால்போல இரண்டு பக்கமும் ஆடும். முன்பாரம் மிஞ்சினாலோ, மேட்டில் ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரம் மண்ணை விட்டுக் கிளம்பும். ஸ்டீயரிங் கையில் இருக்கும், திரும்பாது.

பட்டறைகளில் அச்சைப் பெட்டியின் நட்ட நடுவில் வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அப்போது ஒரு மூட்டை பின்னால் நகர்ந்தாலே பின்பாரம்தான். மொத்தச் சுமையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் உட்கார வேண்டும் என்பது உலகம் முழுக்கச் சின்ன டிரெய்லர் செய்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பதினைந்து சதவீதம் வரை போகலாம். எங்கள் பெட்டிக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். கொக்கியிலிருந்து பெட்டியின் முன்சட்டம் 90 செ.மீ. பெட்டியின் நடு அதிலிருந்து இன்னொரு 90. ஆக, சுமையின் நடு கொக்கியிலிருந்து 180 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. அச்சை 200 செ.மீ. தூரத்தில் வைத்தால், அதாவது நடுவிலிருந்து ஒரு சாண் அளவுக்குப் பின்னால் தள்ளினால், 200க்கு 20, பத்து சதவீதம். ஐநூறு கிலோ சரக்கு ஏற்றினால் ஐம்பது கிலோ கொக்கியில் நிற்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு கிலோ இரும்பு கூட வேண்டாம். சாக்பீஸால் கோடு போடுகிற இடத்தை மாற்றினால் போதும்.

சக்கரத்துக்குப் பழைய கார் சக்கரமே போடுகிறார்கள், தப்பில்லை. ஆனால் டயரின் பக்கத்தில் அளவுக்குப் பக்கத்திலேயே ஓர் எண் அச்சாகியிருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. அது சுமைக் குறியீடு. 74 என்று இருந்தால் அந்த டயர் 375 கிலோ தாங்கும். இரண்டு டயருக்கு 750. எங்கள் டிரெய்லர் அச்சு, சக்கரம், மற்ற சில்லறை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 230 கிலோ. ஐநூறு கிலோ சரக்கோடு 730. இதுதான் அதன் எல்லை. நானூறு தேங்காய். அதற்குமேல் இன்னொரு நடை போவதுதான் வழி.

இந்த எல்லையை மீற வைப்பது பக்கத் தகட்டின் உயரம். நாற்பது செ.மீ. உயரப் பெட்டியில் காய்ந்த மணலைத் தலைதட்டி நிரப்பினாலே 1,350 கிலோவுக்கு மேல் வரும். இரண்டடி உயர்த்தினால் இரண்டு டன். பெட்டியில் இடம் இருந்தால் நிரப்பாமல் விடுகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், பெட்டியின் உள்பக்கம் 15 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் ஒரு சிவப்புக் கோடு அடிக்கச் சொன்னேன். மணலோ ஜல்லியோ அந்தக் கோடு வரைக்கும்தான். ஓலைக்கும் வைக்கோலுக்கும் உயரம் வேண்டுமே என்றால், மாட்டு வண்டிக்கு முளைக்குச்சி செருகினோமே, அதுபோல நான்கு மூலையிலும் பக்கத்திலும் குழாய்த் துண்டு பற்றவைத்து, வேண்டும்போது கம்பு செருகிக்கொள்ளலாம். மணல் கம்புக்கு நடுவே நிற்காது, அதுவே காவல்.

கொக்கிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

நான் வேலையில் இருந்த காலத்தில், விபத்தில் இறந்த ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு உதவித்தொகை கேட்டு வந்த கோப்பு என் மேசையைக் கடந்து போனது. எந்த ஊர், யார் என்பது வேண்டாம். ஏரிக்கரையிலிருந்து கீழே இறங்கும் சரிவில் டிரெய்லர் டிராக்டரை விட்டுக் கழன்றது. இழுவைத் தண்டு மண்ணில் குத்தி, பெட்டி கவிழ்ந்தது. சுமைமேல் உட்கார்ந்து வந்தவர் அடியில் சிக்கிக்கொண்டார். ஆய்வுக் குறிப்பில் ஒரே வரி: இணைப்பில் பின்னுக்குப் பதிலாகப் போட்டிருந்த போல்ட் தேய்ந்து முறிந்தது. அதற்கு அடுத்த பத்தியில் மேலிடத்துக் குறிப்பு, "இது எதிர்பாராத விபத்து" என்று தொடங்கியது.

அந்த 'எதிர்பாராத' என்ற சொல்லோடு எனக்கு இன்றுவரை சண்டை. பின் போட வேண்டிய துளையில் அதைவிட மெல்லிய போல்ட்டைச் செருகினால் அது ஒவ்வொரு குலுக்கலிலும் இடித்துக்கொண்டே இருக்கும். மரை இருக்கும் பகுதி இரும்பை அரம்போல அராவும். துளை முட்டை வடிவமாகும். ஒருநாள் முறியும். அது எந்த நாள் என்பதுதான் தெரியாதே தவிர, முறியும் என்பதில் என்ன எதிர்பாராதது இருக்கிறது? அந்த அம்மா கையொப்பம் போடத் தெரியாமல் பெருவிரல் ரேகை வைத்திருந்தார். கோப்பை அடுத்த மேசைக்கு அனுப்பினேன். பணம் வந்தது. எட்டு மாதம் கழித்து.

துளைக்குச் சரியான கனத்தில் பின், அது மேலே எகிறாமல் இருக்க அடியில் ஸ்பிரிங் பூட்டு, இரண்டும் சேர்ந்தே ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் ஆகும். இவற்றோடு இரண்டு சங்கிலி. தண்டின் இடப்பக்கச் சங்கிலி டிராக்டரின் வலப்பக்கத்துக்கும், வலப்பக்கச் சங்கிலி இடப்பக்கத்துக்குமாகத் தண்டுக்கு அடியில் குறுக்கே போட வேண்டும். பின் போனாலும் தண்டின் மூக்கு தரையில் குத்தாமல் அந்தப் பெருக்கல்குறி தொட்டில்போலத் தாங்கும். கிணற்று வாளிக்குப் போடும் சங்கிலி போதாது, பாரம் தாங்கும் சங்கிலியாக இருக்க வேண்டும். இதையெல்லாம் கொக்கியில் செய்ய ஐந்து கிலோ இரும்பு ஆகுமா? ஆகாது. ஆகவே கிலோக் கணக்கில் இந்த வேலைக்குக் கூலி கிடையாது. கூலி இல்லாத வேலையை யார் கவனமாகச் செய்வார்?

பிரேக் விஷயத்தில் என்னால் முழு நிம்மதி அடைய முடியவில்லை. என் சின்னம்மா மகன், பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பிரான்சில் ஒரு சிற்றூரில் இருக்கிறார். அவர் வீட்டில் 'குவாட்' என்று நான்கு சக்கர மோட்டார் வண்டி ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சக்கரம் கூட வைத்த மாதிரி. குளிர்காலத்துக்கு விறகு இழுக்க அதற்குப் பின்னால் ஒரு சின்ன 'ரெமோர்க்'. நான் போயிருந்தபோது அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தண்டு அச்சுவரை போயிருந்தது. அச்சு நடுவிலிருந்து பின்னால் தள்ளியிருந்தது. நம் பட்டறையில் ஒரு பையன் இரண்டு நாளில் செய்துவிடுவான், அவ்வளவு எளிய பொருள். ஆனால் அங்கே சாலையில் இழுக்கும் ரெமோர்க்குகளுக்குச் சட்டம் கறார். ஏற்றக்கூடிய சரக்கையும் சேர்த்து மொத்த எடை 500 கிலோவைத் தாண்டினால் ரெமோர்க்குக்கே தனிப் பதிவுப் புத்தகம் வேண்டும். 750 கிலோவைத் தாண்டினால் அதற்கே பிரேக் இருக்க வேண்டும். அதற்குள் இருந்தாலும், இழுக்கும் காரின் எடையில் பாதிக்கு மேல் போனால் பிரேக் கட்டாயம்.

அந்தக் கணக்கை எங்கள் தோப்புக்குப் போட்டுப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. தங்கை மகனின் டிராக்டர் ஏறக்குறைய முக்கால் டன். அதில் பாதி 375 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை போக, பிரேக் இல்லாமல் 150 கிலோ சரக்குகூட ஏற்ற முடியாது. காரின் வேகத்துக்குப் போட்ட விதி அது, தோப்புக்குள் நடைவேகத்தில் போகிற டிராக்டருக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மை. ஆனாலும் சரிவில் இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளுகிற பாரத்துக்கு அது தோப்பா நெடுஞ்சாலையா என்று தெரியாது. ஏரிக்கரைச் சரிவில் பாதிச் சுமை, முதல் கியர், கிளட்சை மிதிக்கவே கூடாது, சுமைமேல் ஆள் உட்காரக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். "சரி மாமா" என்றான். அவனுடைய 'சரி மாமா' பற்றி எனக்குத் தெரியும். அடுத்த அறுவடைக்குள் பிரேக் வைக்க ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பழைய கார் டிரம்மோடு அச்சு எடுத்தால் கை நெம்புகோல் வைத்தாவது செய்யலாம்.

நம் சட்டமும் சும்மா இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே டிரெய்லரும் அடக்கம். எஞ்சின் இல்லாத பெட்டிதானே என்று பேச முடியாது; சாலைக்கு வந்தால் அது வாகனம். பதிவில்லாத டிரெய்லரோடு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் என்ன பதில் எழுதும் என்பதை, அந்த மாதிரிக் கடிதங்களைப் படித்தே கண்ணாடி மாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன், நினைத்துப் பார்க்கவே வேண்டாம். இருட்டியபின் கடலூர்ச் சாலையில் விளக்கோ ஒளிர்பட்டையோ இல்லாமல் போகிற டிரெய்லர்களைப் பார்க்கும்போது அடிவயிறு ஜில்லிடுகிறது. நம் வயதில் இரவில் கண் கூசும், எதிரே வெளிச்சம் வந்தால் முன்னே போவது நிழலாகக்கூடத் தெரியாது. பின்பக்கம் ஒரு முழம் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்ட என்ன கஷ்டம்? மாட்டு வண்டிக்காரர் அச்சுக்கு அடியில் அரிக்கேன் விளக்குக் கட்டித் தொங்கவிட்டுப் போனார். அது சட்டத்துக்குப் பயந்து இல்லை.

பட்டறைக்காரர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். குறை வாங்குகிற நம்மிடம் இருக்கிறது. வேலைக்குக் கூலி கேட்டால் பேரம் பேசுவோம், இரும்புக்கு விலை கேட்டால் கொடுத்துவிடுவோம். இரும்பு கண்ணுக்குத் தெரிகிறது, கவனம் தெரிவதில்லை. எங்கள் டிரெய்லருக்கு நான் வேறு மாதிரிப் பேசிப் பார்த்தேன். இரும்பைக் கடையில் நாங்களே வாங்கிப் போட்டோம், பில்லோடு. பட்டறைக்கு மொத்தமாக ஒரு கூலி: நாள் கணக்கில், வரைபடத்தில் இருக்கிறபடி. முதலில் அவருக்கு அது பிடிக்கவில்லை. "எல்லாரும் கிலோதான் சார்" என்று இரண்டு நாள் இழுத்தார். பிறகு ஒத்துக்கொண்டார். கொக்கி வேலைக்கு மட்டும் அரை நாள் எடுத்தார். துளையைப் பற்றவைக்கும் கம்பியால் உருக்கிப் போடாமல், டிரில் போட்டு, பின்னை உள்ளே விட்டு, விரலால் ஆட்டிப் பார்த்தார். கிலோக் கணக்கில் இருந்தால் அந்த அரை நாளை அவர் தன் பையிலிருந்து கொடுத்திருக்க வேண்டும்.

செலவு மொத்தத்தில் கொஞ்சம் குறைந்தது, பெரிய வித்தியாசமில்லை. பவர் டில்லருக்கும் மினி டிராக்டருக்கும் மானியம் கொடுக்கிற அரசாங்கம், அதன் பின்னால் போகிற பெட்டிக்கு ஒரு நல்ல வரைபடத்தை அச்சடித்து ஒவ்வொரு பட்டறைக்கும் கொடுத்தால் என்ன? ஒரு தாள், ஒரு பக்கம், தமிழில், நூல் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும் பக்கம்பக்கமாக. மானியக் கோப்பில் 'டிரெய்லர்' என்ற சொல் வருகிறது. அதன் தண்டு எங்கே முடிகிறது என்று யாரும் அளந்து எழுதியதை நான் பார்த்ததில்லை.

அதுவரை, என் கைவரைபடம் இருக்கிறது. பெட்டி அளவு, அச்சு வைக்கும் இடம், தண்டு போகும் பாதை, கொக்கி, சங்கிலி, சிவப்புக் கோடு எல்லாம் அளவோடு எழுதியிருக்கிறேன். வேண்டியவர்கள் மாலை ஐந்து மணிக்குமேல் வீட்டுக்கு வரலாம். காப்பி என் செலவு, ஜெராக்ஸ் உங்கள் செலவு.